பிள்ளையார் பாறையில் வலதுகைப் பக்கம்

அத்தானைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தா என்று அக்கா கேட்டபோதே மறுத்திருக்க வேண்டும். எங்கள் முதியோர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. ஆளுக்கு ஒரு பக்கம், கோட் சூட் போட்ட படத்துடன். "பண்பான கணவர், பாசமுள்ள தகப்பன், எவரோடும் இன்முகத்துடன் பழகுபவர்" என்று நானும் கை கூசாமல் எழுதிக் கொடுத்தேன். அத்தான் அதைப் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே வாசித்தார். வாசித்து முடித்ததும் நான்காகக் கிழித்தார்.

"உது ஆர்? எனக்குத் தெரிஞ்ச ஆளோ?" என்றார். "எழுதிறதெண்டா அந்தப் பாலைவனக் கதையை எழுது. முழுக்க எழுது. இல்லாட்டி விடு."

சரி, முழுக்க எழுதுகிறேன். சங்கத்தார் போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

எனக்கு ஆனந்தராசா அத்தானைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தொண்ணூற்றாறில் நான் மொன்றியலுக்கு வந்து இறங்கிய அடுத்த கிழமையே, டவுன்டவுனில் தான் வேலை செய்த உணவகத்தில் என்னைக் கோப்பை கழுவச் சேர்த்துவிட்டார். ஆறு வருடம் அவருக்குக் கீழே கழுவினேன். கழுவிய தட்டில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தால் போதும், யாழ்ப்பாணத்துத் தூஷணத்தையும் கியூபெக்காரரின் தூஷணத்தையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்துவிடுவார். மற்றச் சமையல்காரர்கள் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். இப்போது நான் லாசாலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். இன்றைக்கும் ஊத்தைத் தட்டைக் கண்டால் எனக்குக் கழுத்து விறைக்கும்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரன். எண்பத்தொன்பதில் அதே உணவகத்தில் அவரும் கோப்பை கழுவத்தான் தொடங்கினார். முப்பத்தொரு வருடம் கழித்து வெளியே வந்தபோது, அந்த இடத்து வெங்காயச் சூப் அவருடைய கையை நம்பித்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரரே வந்து குடித்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து மெர்சி சொல்லிப் போவார்கள்.

அவருக்கு இரண்டு குணம். பிழை விட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். எவரிடமும் எதையும் கேட்கவும் மாட்டார். ஒருமுறை சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "இண்டைக்கு இப்பிடித்தான்" என்று சொல்லி நாற்பது கோப்பையும் மேசைக்கு அனுப்பினார். மெட்ரோவில் தவறான பக்கத்து ரயிலில் ஏறிவிட்டாரென்றால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பும் வழக்கம் கிடையாது. பார்க் ஸ்டேஷனில் ஏறி ஸ்னோடனுக்குப் போக வேண்டியவர், சென்-மிஷேல் வரைக்கும் போய், அங்கே தெப்பனர் எனப்படும் ஒரு மூலைக்கடையில் பால் வாங்கிக்கொண்டு வந்து, பால் வாங்கத்தான் போனேன் என்பார். அக்கா அந்தப் பாலில் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பாள். முப்பத்தைந்து வருடமாக அவள் அப்படித்தான் சமாளிக்கிறாள்.

இவருக்குச் சம்பந்தியாக வாய்த்தவர் சுந்தரராஜன். தமிழ்நாட்டுக்காரர், நாற்பது வருடத்துக்கு முன்பே வந்து குடியேறிய இன்ஜினியர், ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் அர்ஜுனும் எங்கள் தனுஷாவும் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்து, விரும்பி, கட்டிக்கொண்டார்கள். கல்யாண மண்டபத்தில் சுந்தரராஜன் தன் உறவுக்காரர்களிடம் அத்தானை அறிமுகப்படுத்தினார்: "பொண்ணோட அப்பா. ஹோட்டல் மேனேஜ்மென்ட்ல இருக்கார்."

அத்தான் அந்த இடத்திலேயே, "இல்லை, நான் குசினியிலை சமைக்கிறனான்" என்றார். சுந்தரராஜன் சிரித்துவிட்டு, "உங்க தமிழ் ரொம்ப இனிமை சார், மலையாளம் மாதிரியே இருக்கு" என்றார். எட்டு வருடமாகிறது. அந்த இரண்டு வசனத்தையும் அத்தான் இன்னும் செரிக்கவில்லை. சுந்தரராஜனின் பெயரைச் சொல்லவே மாட்டார். "உந்தாள்" என்பார். "உந்தாள் பாலம் கட்டினதாம். ஒரு கல்லுத் தூக்கியிருக்குமோ?"

தனுஷாவுக்கும் அர்ஜுனுக்கும் அமெரிக்காவில் வேலை கிடைத்து, அரிசோனாவில் பாலைவனத்தின் விளிம்பில் வீடு வாங்கினார்கள். மொன்றியலில் மூக்கு விறைக்கும் பெப்ரவரி வந்தால் இரண்டு சம்பந்திகளும் மனைவிமாரோடு அங்கே போய்விடுவார்கள். ஒரே வீடு, ஆறு கிழமை. காலையில் புட்டா இட்லியா என்பதில் தொடங்கும். பேத்தி பூர்ணா அம்மப்பா என்று கூப்பிட வேண்டுமா தாத்தா என்று கூப்பிட வேண்டுமா என்பதில் முற்றும். போன வருடம் சுந்தரராஜன் வைத்த ரசத்தை, இது கை கழுவுகிற தண்ணியோ என்று அத்தான் பிள்ளைக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார். அன்றைக்குத் தனுஷா தகப்பனைக் கராஜுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, இது லாஸ்ட் வோர்னிங். இனி ஒருக்கால் மாமாவோடை கொழுவினா நீங்கள் இந்த வீட்டுக்கு வரவேண்டாம். அடுத்த பிள்ளை பிறந்தாலும் வரவேண்டாம். சும்மா சொல்லேல்லை."

இந்த வருடம் அவர்கள் போனபோது அவள் வயிற்றில் இரண்டாவது பிள்ளை. மே மாதத்துக்கு நாள் குறித்திருந்தது. அத்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஐந்து கிழமை ஒரு சண்டை இல்லை. பிறக்கப்போகும் பிள்ளையைக் கையில் வாங்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் அந்த மனிதர் ரசத்தை மூன்று தரம் வாங்கிக் குடித்தாராம். அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை.

வாயைக் கட்டுகிற ஆளுக்குக் கால் நிற்காது. ஒவ்வொரு காலையும் வீட்டுக்குப் பின்னால் தொடங்கும் பாதையில் தனியாக நடப்பார். ஐந்து குளிர்காலம் நடந்த பாதை அது. ஒரு காய்ந்த ஓடை வழியாக ஒரு மணித்தியாலம் ஏறினால், மூன்று ஓடைகள் கூடுகிற இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பாறை நிற்கும். வயிறு தள்ளி, ஒரு பக்கம் துதிக்கை போல இறங்கி இருப்பதால் அதற்கு அவர் பிள்ளையார் என்று பெயர் வைத்துவிட்டார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குட்டிக்கொண்டு, மூன்று தரம் வலம் சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிப்பார். அங்கே பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றால் வலதுகைப் பக்கத்து ஓடை வீட்டுக்குத் திரும்பும் இன்னொரு வழி. அவர் அடையாளம் எதையும் பார்ப்பதில்லை. சுற்றி முடிப்பார், வலதுகைப் பக்கம் திரும்புவார், நடப்பார்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு காலை, "மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கோவன் அப்பா" என்று தனுஷா கேட்டாள். மகள் கேட்டதால் கூட்டிக்கொண்டு போனார். ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர். சுந்தரராஜனின் கழுத்தில் ஃபோன் ஒன்று தொங்கியது. சீனி வருத்தக்காரர், கால் கொஞ்சம் மெதுவு. வழி முழுக்க இரண்டு பேரும் வெயிலைப் பற்றி மரியாதையாகக் கதைத்துக்கொண்டு போனார்களாம். மகளுக்குச் சொல்லக்கூடிய பேச்சு மட்டும்.

பாறைக்கு வந்ததும் அத்தான் செருப்பைக் கழற்றிச் சுற்றத் தொடங்கினார். சுந்தரராஜனும் ஒரு சுற்றுச் சுற்றி முன்னால் நின்று கும்பிட்டார். அத்தான் இரண்டாவது சுற்றில் பாறைக்குப் பின்பக்கம் போன நேரம் முன்னாலிருந்து குரல் வந்தது.

"சம்பந்தி, பிள்ளையாருக்கு ஒரு சுத்துதான். மூணு சுத்து சிவனுக்கு. உங்க ஊர்ல சொல்லித்தரலையா?"

வாயில் வந்ததை அத்தான் விழுங்கினார். மகளின் முகமும் கராஜ் கதவும் கண்ணுக்குள் நின்றனவாம். அப்படியே சுற்றை நிறுத்தினார். பின்பக்கத்திலிருந்தே, "செருப்பை எடுத்துத் தாங்கோ" என்று கேட்டிருக்கலாம். அவராவது கேட்பதாவது. வந்த வழியே ஓடிப்போய்ச் செருப்பை அள்ளிக்கொண்டு, சுந்தரராஜனின் முகத்தைப் பாராமல், திரும்பவும் பாறைக்குப் பின்னால் போய் இருந்து மாட்டினார். எழும்பினார். பாறையைப் பார்த்தார். பழக்கம் போல வலதுகைப் பக்கம் திரும்பி நடந்தார். பாறைக்கு முன்னால் நிற்கிறவனின் வலதுகையும் பின்னால் நிற்கிறவனின் வலதுகையும் எதிர்ப்பக்கம் என்பது என் பஸ்ஸில் வருகிற சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த நேரம் அவருக்குத் தெரியவில்லை. அது மூன்றாவது ஓடை, அவர் ஒருநாளும் போகாத ஓடை.

சுந்தரராஜன் பின்னால் வந்தார். "என்ன சம்பந்தி, இந்தப் பக்கமா?"

"ஓம்."

இதுவரைக்கும் நடந்ததற்கு நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கோபத்தில் எவனுக்கும் கால் மாறும். அதன் பிறகுதான் கதை. வீட்டுக்குப் போகும் ஓடையில் பத்து நிமிடம் நடந்தால், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரு பெரிய கள்ளி வரும். போக்குவரத்துப் பொலிஸ் என்று அத்தான் அதற்கும் பெயர் வைத்திருந்தார். பத்து நிமிடமாகியும் பொலிஸ் வரவில்லை. ஓடையின் மணல் வேறு நிறமாக இருந்தது. வழி பிழைத்துவிட்டது என்று அவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. பத்து நிமிடம் திரும்பி நடந்தால் பாறை. வேலை முடிந்தது.

அப்போது பார்த்துச் சுந்தரராஜன் கேட்டார்: "நாம சரியாத்தான் போறோமா? ஃபோன்ல மேப் பாக்கட்டுமா?"

"அஞ்சு வருசமா இதிலை நடக்கிறன்" என்றார் அத்தான்.

"இல்ல, வெயில் இந்தப் பக்கமா அடிக்கணும்னு..."

"நீங்கள் பாலத்துக்குச் சொல்லுங்கோ. பாதைக்கு நான் சொல்லுறன்."

நடந்தார். தெரிந்துகொண்டு நடந்தார். ஒன்றரை மணித்தியாலம். இனி ஒரு வளைவு வரும், எங்காவது வீடு தெரியும், எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நடந்தாராம். அந்தப் பாலைவனத்தில் சென்-மிஷேல் ஸ்டேஷனும் இல்லை, பால் விற்கும் தெப்பனரும் இல்லை. வெயில் ஏறியது. நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. முள்ளுக் கள்ளி, சுடுகிற கல், இரண்டு பக்கமும் மேடு. சுந்தரராஜன் இன்னும் இரண்டு தரம் கேட்டுவிட்டுக் கோபத்தில் வாயை மூடிக்கொண்டார். அவருடைய தண்ணீர் முடிந்துவிட்டது. முடிந்தது என்று அவர் சொல்லவில்லை, இவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் கல் உருளும் சத்தம் கேட்டுத் திரும்பியபோது சுந்தரராஜன் கீழே கிடந்தார். முழங்கால் கிழிந்து இரத்தம் ஓடியது. அதைவிட முகம் பயமாக இருந்தது. சாம்பல் பூத்து, வேர்வை இல்லாமல், வாய் ஒரு பக்கம் போய். அத்தான் தன் போத்தலிலிருந்த மிச்சத் தண்ணீரை மெல்ல மெல்லப் பருக்கினார். தன் தொப்பியைக் கழற்றி அவருக்குப் போட்டார். இதையெல்லாம் அன்பால் செய்தார் என்று எவரும் நினைக்க வேண்டாம். "செத்துத் துலையாதேங்கோ! இஞ்சை செத்தா நான் என்ரை பிள்ளையின்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?" என்று கத்தினாராம்.

அந்த ஓடைக்குள் ஃபோனுக்குச் சிக்னல் இல்லை. அவருடைய கழுத்திலிருந்து ஃபோனைக் கழற்றிக்கொண்டு, அறுபத்தேழு வயது மனிதர் கையாலும் காலாலும் மேட்டில் ஏறினார். முள் ஏறிய இடங்களை நான் பிறகு பார்த்தேன். உள்ளங்கையில் எண்ண முடியாது. மேலே நின்று அவசர இலக்கத்துக்கு அடித்து, குசினி ஆங்கிலத்தில் ஒருவாறு விளக்கினார். இரண்டு மணித்தியாலத்தில் ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் ஆளைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குத் தனுஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அத்தான் கதிரையில் இருந்தபடி, எல்லாவற்றுக்கும் தயாரான ஆள் மாதிரி நிலத்தைப் பார்த்தார். கேட்டால் சொல்லிவிடுவது, அதோடு முடிந்தது என்று நினைத்தாராம். ஆனால் அவள் மாமாவிடம்தான் முதலில் கேட்டாள், என்ன நடந்தது என்று. சேலைன் ஏறுகிற கையைத் தூக்கிச் சுந்தரராஜன் சொன்னார்:

"எல்லாம் என்னாலதாம்மா. நான்தான் புது வழியா போலாம்னு பிடிவாதம் பிடிச்சேன். உங்கப்பா வேணாம் வேணாம்னார். அவர் இல்லேன்னா நான் இல்ல."

தனுஷா தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுதாள். அத்தான் வாயைத் திறக்கவில்லை. மே மாதம் கட்டாயம் வரவேண்டும், முதலில் நீங்கள்தான் பிள்ளையை வாங்க வேண்டும் என்று சொல்லித்தான் மகள் அவரை விமானம் ஏற்றினாள்.

மொன்றியலுக்குத் திரும்பி வந்த மனிதர் சரியாக இல்லை. ஏப்ரலில் ஊத்தைப் பனி உருகித் தெருவெல்லாம் சேறு. வீட்டுக்குள் நடப்பார், நிற்பார், ஜன்னலால் பார்ப்பார். சுந்தரராஜனைத் திட்டத் தொடங்குவார், பாதியில் நிறுத்துவார். எட்டு வருடமாக ஒழுங்காக ஓடிய வாய் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது பொறுக்க முடியாமல் சுந்தரராஜனுக்கு ஃபோன் அடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"அட, அதை விடுங்க சம்பந்தி. நான் நிஜத்தைச் சொன்னா அவ உங்களை வரவிடமாட்டா. குழந்தையைப் பாக்க வேணாமா நீங்க? பாவம்."

அத்தான் ஃபோனை வைத்துவிட்டார். "எனக்கோ பாவம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "என்னைப் பாத்தோ பாவமெண்டுது? உந்தாள் போட்ட பிச்சையிலை நான் என்ரை பேரப்பிள்ளையைத் தூக்கவோ?"

"விசர் வேலை பாக்காதேங்கோ அத்தான்" என்றேன். அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்து கையைப் பிடித்தாள். கேட்கவில்லை. அந்த நிமிடமே மகளுக்கு அடித்தார். பாறை, செருப்பு, வலதுகை, வராத பொலிஸ் கள்ளி எல்லாவற்றையும் சொன்னார். தனக்குச் சாதகமாக ஒரு சொல் சேர்க்கவில்லை. நான் அப்படி ஒரு கதையை அவர் வாயால் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு தனுஷா கேட்டாள்: "தெரிஞ்சுகொண்டோ நடந்தனீங்கள்? பத்து நிமிசத்திலை தெரிஞ்சும்?"

"ஓம்."

"மாமா விழுமட்டும்?"

"ஓம்."

"அம்மா மட்டும் வரட்டும் அப்பா" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அக்கா அவரோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. எனக்கும் ஆத்திரம்தான். நல்ல மனத்தால் உண்மை சொன்னார் என்று யாராவது மலரில் எழுதினால் நான் அதைக் கிழிப்பேன். அவர் வெறுப்பில் சொன்னார். சுந்தரராஜனை நிம்மதியாக வெறுக்க வேண்டும் என்பதற்காகத் தன் பேரப்பிள்ளையை விலையாகக் கொடுத்தார். இப்படியும் ஒரு பிறவி.

மே மாதம் அக்கா போனாள். முழங்காலில் கட்டோடு சுந்தரராஜனும், அவருடைய மனைவி வசுமதி அம்மாவும் போனார்கள். அத்தானைப் பார்த்துக்கொள்ளும்படி அக்கா என்னிடம் சொல்லிவிட்டுப் போனதால், பஸ் ஓட்டி முடிந்ததும் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போவேன். பேசாமல் வெங்காயச் சூப் வைத்துத் தருவார். குடித்து முடிந்ததும் என் கோப்பையையும் அவரே எடுத்துக் கழுவுவார்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது அவருடைய ஃபோன் அடித்தது. சுந்தரராஜன், வீடியோவில். அத்தான் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பவும் அடித்தது. நான்தான் எட்டி அழுத்தி எடுத்தேன்.

"பொண்ணு, சம்பந்தி" என்றார் சுந்தரராஜன் இரகசியக் குரலில். ஆஸ்பத்திரி அறை தெரிந்தது. "தனுஷா தூங்கறா. அவளுக்குத் தெரியாது, சத்தம் போடாதீங்க."

படம் ஆடியது. கூரை தெரிந்தது, ஒரு திரைச்சீலை, பிறகு வெள்ளைத் துணிப் பொட்டலம் ஒன்று, அதற்குள் கறுப்பாகக் கொஞ்சம் முடி. அத்தான் ஈரக் கையோடு ஃபோனுக்குக் கிட்டே வந்தார். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய மூச்சு என் கையில் பட்டது. எதையோ சொல்ல வாயெடுத்தார், விழுங்கினார், திரும்பவும் வாயெடுத்தார். முப்பது வருடத்தில் அவர் எவரிடமும் ஒன்று கேட்டு நான் கண்டதில்லை.

"சம்பந்தி" என்றார். "முகம் தெரியேல்லை. கொஞ்சம் கிட்டக் கொண்டு போறியளோ? தயவு செய்து."

படம் கிட்டப் போனது. சிவந்த முகம், மூடிய கண், சின்ன மூக்கு. ஒரு கை துணிக்கு வெளியே வந்து விரலை விரித்து மூடியது. அத்தான் கண்ணைத் துடைக்கவில்லை, வழிய விட்டார். அந்த ஒரு நிமிடம் எனக்கு அந்த மனிதரைப் பிடித்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

அறைக்குள் யாரோ வரும் சத்தம் கேட்டு சுந்தரராஜன் அவசரமாக வைத்துவிட்டார். அத்தான் கொஞ்ச நேரம் கறுத்துப்போன ஃபோனையே பார்த்தார். பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து கோப்பையைக் கழுவத் தொடங்கினார்.

"உந்தாளுக்கு ஒரு ஃபோனை ஆடாமல் பிடிக்கத் தெரியேல்லை" என்றார். "உதெல்லாம் பாலம் கட்டினதாம்."